இருபத்தாறு டிகிரி ஆசாமி

அந்த அணுமின் நிலையத்தில் மீட்டர்க்காரர் என்றால் தெரியாதவர் இல்லை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். இருமல் மருந்தில் சாராயம் கலந்திருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அன்றிலிருந்து இருமலை இருமியே தீர்த்துக்கொள்கிறவர். அப்படிப்பட்டவரைத்தான் போதைக்காரர் என்று முத்திரை குத்தி வெளியே தள்ளினார்கள். எப்படித் தள்ளினார்கள் என்று கேளுங்கள், வயிறு எரியும்.

முதலில் அவர் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். நிலையத்துக்குள் ஆயிரத்து நானூறு மீட்டர்கள் இருந்தன. சூடு காட்டுவது, அழுத்தம் காட்டுவது, தண்ணீர் மட்டம் காட்டுவது என்று பல ரகம். ஒவ்வொன்றையும் முறை வைத்துக் கழற்றி, தன் மேஜையில் வைத்து, பிசகாத கருவி ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். சரியாக இருந்தால் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுவார். அதில் சரிபார்த்த தேதி, காலாவதியாகும் தேதி, அவர் கையெழுத்து. ஸ்டிக்கர் இல்லாத மீட்டர் என்ன சொன்னாலும் நம்பக் கூடாது, ஸ்டிக்கர் உள்ள மீட்டர் என்ன சொன்னாலும் நம்பியே ஆக வேண்டும். பத்தொன்பது வருஷமாக அந்த நிலையம் ஒழுங்காக நின்றது இந்த ஒரு விதியால்தான். வீட்டில் மகளுக்குக் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டருக்குக்கூட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். பிள்ளை அனலாய்க் கொதித்தாலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

சம்பவம் நடந்த அன்று காலை நிலைய வாசலில் நுழைவு அட்டையைத் தேய்த்ததும் பச்சை விளக்குக்குப் பதில் சிவப்பு எரிந்தது. மணி அடித்தது. இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது. ‘வாழ்த்துகள். இன்றைய பரிசோதனைக்குக் கம்ப்யூட்டர் உங்களைத் தேர்ந்தெடுத்துள்ளது. பாதுகாப்பில் நீங்களும் பங்குதாரர்’ என்று அதில் அச்சடித்திருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

பரிசோதனை அறைச் சுவரில் ‘சுத்தமான சிறுநீர், சுத்தமான மின்சாரம்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே சிரிக்கிற குடும்பம் ஒன்றை வரைந்திருந்தார்கள். ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கிற கம்பவுண்டர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாவற்றையும் தட்டில் கொட்டச் சொன்னார். பதினோரு பக்கப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார். கழிப்பறைக்குள் குழாயைத் துணியால் கட்டி அரக்கு வைத்திருந்தார்கள். பீங்கானில் நீலச் சாயம் மிதந்தது. வேறு தண்ணீர் கலந்து ஏமாற்றிவிடக் கூடாதாம். இத்தனை வருஷம் அணு உலைப் பக்கத்தில் நிற்க விட்டவர்கள் ஒரு குழாய்ப் பக்கத்தில் நிற்க அவரை நம்பவில்லை.

மூன்று டம்ளர் தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு வழியாகக் கப்பை நிரப்பிக்கொண்டு வந்தார். கப்பின் பக்கவாட்டில் சூடு காட்டும் பட்டை ஒன்று ஒட்டியிருந்தது. எந்த எண்ணுக்கு நேரே பச்சைப் புள்ளி வருகிறதோ அதுதான் சூடு. முப்பத்திரண்டிலிருந்து முப்பத்தெட்டுக்குள் இருந்தால்தான் அது உடம்பிலிருந்து அப்போதே வந்த சரக்கு என்று கணக்கு. இல்லையென்றால் யாரோ கொடுத்ததைப் பாட்டிலில் ஒளித்து எடுத்து வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

பச்சைப் புள்ளி இருபத்தாறில் இருந்தது.

கம்பவுண்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இருபத்தாறு. எல்லைக்குக் கீழே."

கையில் கப் சுடச்சுட இருந்தது மீட்டர்க்காரருக்கு. பழக்கதோஷம், கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் பொடி எழுத்தில் தேதி இருந்தது.

"அண்ணே, இது காலாவதியாகி ரெண்டு வருஷம் ஆச்சே."

"தெரியும். இன்னிக்குக் காலையிலதான் இந்தப் பெட்டியைப் பிரிச்சேன். ஸ்டோர்ல தகரக் கூரைக்கு அடியில கிடந்தது. இன்னும் நாலாயிரம் இருக்கு, தீர்த்துட்டுத்தான் புதுசுன்னு உத்தரவு."

"காலிக் கப்பு என்ன காட்டுது?"

கம்பவுண்டர் பெட்டிக்குள்ளிருந்து ஒரு காலிக் கப்பை எடுத்தார். இருபத்தாறு. இன்னொன்றை எடுத்தார். இருபத்தாறு. எடுத்தவற்றைப் பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டு, "அது காலிக் கப்பு. படிவத்துல காலிக் கப்புக்குக் கட்டம் இல்ல தம்பி," என்றார்.

இரண்டாவது மாதிரியைக் கண் முன்னால் எடுக்க வேண்டும் என்பது விதி. கம்பவுண்டர் கையில் முகம் பார்க்கிற கண்ணாடியோடு பக்கத்தில் நின்றார். மீட்டர்க்காரருக்கு மானமே போயிற்று. கல்யாணமான இத்தனை வருஷத்தில் மனைவி முன்னால்கூட அந்தக் காரியம் செய்ததில்லை. அதிலும் புள்ளி இருபத்தாறிலேயே நின்றது.

நுழைவு அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, மூன்றாம் நாள் கமிட்டி முன்னால் நிறுத்தினார்கள். அட்டை போனால் வேலை போகும், வேலை போனால் நிலையத்தின் குடியிருப்பில் உள்ள வீடு போகும், குடியிருப்புப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கிற மகளின் படிப்பு நடுவில் நிற்கும். போதைப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் நாட்டில் வேறு எந்த நிலையத்திலும் கால் வைக்க முடியாது. மீட்டர்க்காரர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

கமிட்டிக்குத் தலைவர் பணித்தகுதி அதிகாரி. சட்டையில் ‘நான் தெளிவாக இருக்கிறேன்’ என்று வில்லை குத்தியிருப்பார். பக்கத்தில் டாக்டர். மிச்சம் மூன்று பேர் தேநீருக்காக வந்தவர்கள்.

"ஐயா, ஆய்வுக்கூடத்து முடிவு வந்துடுச்சுன்னு சொன்னாங்க," என்றார் மீட்டர்க்காரர்.

"வந்துடுச்சு," என்றார் அதிகாரி. "உங்க மாதிரியில போதைப் பொருள் எதுவுமே இல்ல. சாராயம் இல்ல. புகையிலைகூட இல்ல. நானும் இந்தப் பதவியில ஆறு வருஷம் இருக்கேன், இவ்வளவு சுத்தமான சிறுநீரை இந்த நிலையத்துல பார்த்ததே இல்ல. அதனாலதான் இது உங்களுது இல்லன்னு எங்களுக்கு உறுதியாச்சு."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "மருத்துவப்படி இருபத்தாறு டிகிரியில மனுஷன் உயிரோட இருக்க முடியாது. அப்ப ரெண்டே வழிதான். ஒண்ணு, அது உங்க சிறுநீர் இல்ல. இல்லன்னா நீங்க உயிரோட இல்ல."

"ரெண்டாவதை விட்டுடுங்க டாக்டர்," என்றார் அதிகாரி. "செத்தவர் வேலைக்கு வர்றது வருகைப் பதிவுப் பிரிவோட விஷயம். அடுத்த பிரிவுல நாம தலையிடக் கூடாது."

"டாக்டர், என் நெத்தியைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்," என்று கெஞ்சினார் மீட்டர்க்காரர்.

"தொட்டுப் பார்க்கலாம். ஆனா நீங்கதானே சொல்வீங்க, ஸ்டிக்கர் இல்லாத கருவியை நம்பக் கூடாதுன்னு. என் கையில ஸ்டிக்கர் இல்லையே," என்று டாக்டர் சிரித்தார். தேநீருக்காக வந்தவர்களும் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தேநீர் வந்தது. ஆவி பறக்கப் பறக்க அதிகாரி முன்னால் ஒரு டம்ளர். மீட்டர்க்காரருக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ, ஆதாரமாக மேஜையில் வைத்திருந்த காலிக் கப் ஒன்றில் அந்தத் தேநீரை ஊற்றி அதிகாரியிடம் நீட்டினார். "இப்பப் பாருங்க ஐயா."

பச்சைப் புள்ளி இருபத்தாறில் இருந்தது. அதிகாரி கப்பை வாங்கி ஒரு வாய் உறிஞ்சினார். நாக்கு வெந்துபோய்க் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆஹா, பிழைத்தோம் என்று மீட்டர்க்காரர் நினைத்தார்.

அதிகாரி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "இந்தத் தேநீரும் சந்தேகத்துக்குரியது," என்று குழறினார். "யார் போட்டது? கேன்டீன்காரரைக் கூப்பிடுங்க. இதைச் சீல் வச்சு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்க."

கேன்டீன்காரர் அன்று சாயங்காலமே தற்காலிக நீக்கம் ஆனார்.

"பட்டையில தப்பு இருக்குன்னா அதை அளவு சரிபார்ப்புப் பிரிவுதான் சொல்லணும்," என்று அதிகாரி விளக்கினார். "அந்தப் பிரிவுல இருக்கறது நீங்க ஒருத்தர்தான். குற்றம் சாட்டப்பட்டவரே தன் வழக்கோட ஆதாரத்தைச் சரிபார்த்தா நாளைக்கு நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

மீட்டர்க்காரர் வாசல் வரை போய்த் திரும்பினார். "ஐயா, மன்னிக்கணும். நீங்க எப்பவாவது இந்தக் கப்புல கொடுத்துப் பார்த்திருக்கீங்களா?"

அதிகாரிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "டெஸ்டுங்கறது உள்ளே போய்க் கருவியைத் தொடறவங்களுக்கு. கை நடுங்கினா ஆபத்து, அதான். முடிவெடுக்கறவங்களுக்கு எதுக்கு? என் ஆபீஸ் வேலிக்கு வெளியில இருக்கு. இங்க எது நடந்தாலும் உள்ளே இருக்கற யாராவது ஒருத்தர்தான் பொறுப்பு."

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு ரகளை. செய்தி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி கதவைச் சாத்திவிட்டு, அவர் சட்டைக் காலரைப் பிடித்து மோந்து பார்த்தாள்.

"எத்தனை நாளா நடக்குது?"

"அட நீ வேற. நான் என்னிக்குக் குடிச்சிருக்கேன்?"

"என் தம்பி குடிச்சா தெருவுக்கே தெரியும். உங்களை மாதிரி சத்தமில்லாத ஆளுங்களைத்தான் நம்பக் கூடாது. பக்கத்து வீட்டக்கா என்னைப் பார்த்து உச்சுக் கொட்டறாங்க. நான் முகத்தை எங்க வச்சுக்கறது?"

மீட்டர்க்காரர் திருதிருவென்று முழித்தார். பிறகு ஒரு கப்பை, சட்டைக்குள் ஒளித்து எடுத்து வந்திருந்தார் பாருங்கள், அதை எடுத்து வைத்து உலையில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றினார். மனைவி பட்டையைப் பார்த்தாள். விரலை விட்டுச் சுட்டுக்கொண்டாள். மறுபடி பட்டையைப் பார்த்தாள்.

"இதைக் காட்டலையா அவங்க கிட்ட?"

"காட்டினேன். தேநீரை அரெஸ்ட் பண்ணிட்டாங்க."

அவள் விரலை வாயில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் ஒருநாளும் அவரை மோந்து பார்க்கவில்லை.

இதற்குள் நிலையத்தில் கம்ப்யூட்டர் தினமும் நாலைந்து பேரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் இருபத்தாறு. வெல்டர் இருபத்தாறு, கிரேன்காரர் இருபத்தாறு, கட்டுப்பாட்டு அறையில் இரவும் பகலும் கண் விழிக்கிற ஷிப்ட் இன்ஜினியர்கள் மூன்று பேரும் இருபத்தாறு. பத்து நாளில் நாற்பத்தொரு பேர் வாசலுக்கு வெளியே நின்றார்கள். இன்னும் இரண்டு பேர் குறைந்தால் உலையை ஓட்ட ஆளில்லை. மேலிடத்திலிருந்து அதிகாரிக்குப் போன் வந்தது. ஒரே கூட்டமாய் இத்தனை பேர் எப்படி ஒரே சூட்டில் ஏமாற்றுவார்கள் என்று மேலிடத்தில் யாருக்கோ லேசாக உறைத்திருக்கிறது.

கமிட்டி அவசரமாகக் கூடியது. காலை முழுக்க யோசித்தது. கப்பை மாற்றினால் நாலாயிரம் கப் வீண், அதைவிட இதுவரை எடுத்த நாற்பத்தொரு நடவடிக்கையும் தப்பு என்று ஒப்புக்கொண்டதாகும். அதனால் கப்பை விட்டுவிட்டு எல்லையை மாற்றினார்கள். இனி இந்த நிலையத்தில் சிறுநீரின் முறையான சூடு இருபத்துநாலிலிருந்து இருபத்தெட்டு வரை. நாற்பத்தொரு பேரும் தகுதியானவர்கள். ‘ஊழியர் நலனில் ஒரு மைல்கல்’ என்று அதிகாரி ஒலிபெருக்கியில் பேசினார். டாக்டர் கீழே கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கண்டிப்புக் கடிதத்தோடு வேலைக்குத் திரும்பினார்கள்.

வேறு யாராக இருந்தாலும் இதோடு வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பார்கள். மீட்டர்க்காரரால் முடியவில்லை. பொய் சொல்லுகிற மீட்டர் ஒன்று நிலையத்தில் இருக்கிறது என்ற நினைப்பே அவருக்குச் செருப்புக்குள் கல் மாதிரி உறுத்தியது. உட்கார்ந்து ஸ்டோருக்கு ஒரு கடிதம் எழுதினார்.

"வேண்டாங்க," என்றாள் மனைவி. "போன வேலை திரும்பி வந்திருக்கு. பொண்ணு பரீட்சை முடியற வரைக்குமாவது கையைக் கட்டிக்கிட்டு இருங்க."

"கப்புக்கு மட்டும்தான் எழுதறேன். வேற ஒரு வார்த்தை எழுதல."

உண்மையிலேயே வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை. காலாவதியான பட்டைகளை மாற்றித் தரவும், இப்படிக்கு. கடிதம் பதினேழு மேஜை ஏறி இறங்கியது. யார் செய்த புண்ணியமோ, எந்த மேஜையிலும் யாரும் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது, எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் புத்தம் புதுக் கப்புகள் வந்து இறங்கின.

அவை வந்த அன்று காலை வாசலில் மீட்டர்க்காரருக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது.

இந்தத் தடவை அவருக்குப் பயமே இல்லை. கம்பவுண்டர் புதுப் பெட்டியைப் பிரித்ததைப் பார்த்துச் சந்தோஷம்கூடப் பட்டார். தேதி சரியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பார்த்தார். உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வந்து வைத்தார். பச்சைப் புள்ளி அழகாக முப்பத்தாறில் வந்து நின்றது.

"பார்த்தீங்களாண்ணே, எவ்வளவு நல்ல கப்பு," என்றார்.

கம்பவுண்டர் படிவத்தின் எல்லைக் கட்டத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "தம்பி, எல்லை இருபத்தெட்டு," என்றார் கடைசியில்.

அதிகாரியின் அறையில் இந்த முறை கமிட்டிகூடக் கூடவில்லை. இரண்டாவது குற்றத்துக்குக் கமிட்டி தேவையில்லை.

"எட்டு டிகிரி அதிகம்," என்றார் அதிகாரி. "சூடுபடுத்தி எடுத்துட்டு வந்திருக்கீங்க. போன தடவை இருபத்தாறு, இந்தத் தடவை முப்பத்தாறு. மூணு மாசத்துல ஒரு மனுஷனுக்குப் பத்து டிகிரி ஏறுமா? போன தடவை மாதிரியே இருந்திருந்தா நானே உங்களை விட்டிருப்பேன்."

"ஐயா, மனுஷ உடம்போட சூடே அவ்வளவுதான். அந்த எல்லையைத்தான் நீங்க மாத்திட்டீங்க."

"நாற்பத்தொரு பேருக்காக மாத்தின எல்லை. ஒருத்தருக்காகத் திரும்ப மாத்த முடியுமா? இன்னிக்குக் காலையில இந்தக் கப்புல கொடுத்தது நீங்க ஒருத்தர்தான். தகராறு பிடிச்ச கப்புன்னு அதையும் ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டேன். பழசு இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் இருக்கு." அதிகாரி அட்டையை வாங்கிக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினார். "முப்பது நாள்ல வீட்டைக் காலி பண்ணிடுங்க. தனிப்பட்ட முறையில எனக்கு வருத்தம்தான்."

பத்தொன்பது வருஷம். மீட்டர்க்காரர் மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் ஷிப்ட் இன்ஜினியர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"இங்கதான் இருக்கீங்களா, எங்கெல்லாம் தேடறது," என்று மீட்டர்க்காரரிடம் ஒரு தாளை நீட்டினார். "உலையிலேர்ந்து வெளிய வர்ற தண்ணியோட சூடு எல்லையைத் தாண்டிப் போயிட்டிருக்கு. நிறுத்தணும். நிறுத்தற படிவத்துல, மீட்டர் சரியா இருக்குன்னு உங்க கையெழுத்து வேணும்."

"எந்த மீட்டர்?"

"மூணாவது குழாய். போன வாரம்தான் நீங்க ஸ்டிக்கர் ஒட்டினது."

"அப்ப சூடு நிஜம்தான். குடுங்க பேனாவை."

அதிகாரி பேனாவை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். "இவர் கையெழுத்துப் போட முடியாது. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி தகுதி இழந்துட்டார்."

"சரி, போன வாரம் ஒட்டின ஸ்டிக்கர் இருக்கே. அதுவே போதும்," என்றார் இன்ஜினியர்.

"எப்படிப் போதும்? போதைக்காரர் ஒட்டின ஸ்டிக்கர் செல்லாது. இவர் கையெழுத்துப் போட்ட ஆயிரத்து நானூறு மீட்டரும் இந்த நிமிஷத்திலேர்ந்து செல்லாது. செல்லாத மீட்டர் காட்டுற சூடு செல்லாத சூடு. இல்லாத சூட்டுக்காக உலையை நிறுத்தினா மேலிடத்துல என்னைத்தான் கேட்பாங்க."

இன்ஜினியர் தாளை மேஜையில் வைத்தார். "வேற யார் சரிபார்ப்பாங்க?"

"வெளியிலேர்ந்து ஆள் வரவழைக்கிறேன். வந்ததும் முதல்ல அவருக்கு டெஸ்ட் எடுக்கணும்."

மீட்டர்க்காரர் இன்ஜினியரின் கையைப் பிடித்துக்கொண்டார். "படிவம் கிடக்கட்டும் சார். போய் நிறுத்துங்க. அந்த மீட்டர் பொய் சொல்லாது, என் பிள்ளை மேல சத்தியம்."

"நம்பறேன். ஆனா நம்பறதுக்கு எனக்கு அனுமதி இல்ல." இன்ஜினியர் குரலைத் தாழ்த்தினார். "நானா நிறுத்தினா நாளைக்குக் காலையில கம்ப்யூட்டர் என்னைத் தேர்ந்தெடுக்கும். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க."

இரண்டு காவலர்கள் வந்து மீட்டர்க்காரரை அழைத்துப் போனார்கள். வாசல் வரை அவர் கத்திக்கொண்டேதான் போனார். ஆயுளில் முதல் தடவையாகக் கத்தினார். போதை ஏறினால் இப்படித்தான் என்று காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குடியிருப்பு நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். அவர் ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்குப் போய், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி அவர் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தாள்.

"மறுபடியும் வேலை போச்சா? வீட்டைக் காலி பண்ண முப்பது நாள் தருவாங்கன்னு அன்னிக்குச் சொன்னீங்களே."

"முப்பது நாள் இல்ல. இப்பவே கிளம்பணும். உங்க அம்மா வீடு எவ்வளவு தூரம்?"

"பஸ்ல ஆறு மணி நேரம்." அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பைகளில் கைக்குக் கிடைத்ததைத் திணித்தாள். தெர்மாமீட்டரை எடுத்து ஒரு நிமிஷம் தயங்கினாள். "இதுலயும் உங்க கையெழுத்து இருக்கே."

"எடுத்துக்கோ. தேதி இன்னும் முடியல."

"பக்கத்து வீட்டுல பச்சைக் குழந்தை இருக்குங்க. சொல்லிட்டு வந்துடறேன்."

"ஓடு. எல்லா வீட்டுக் கதவையும் தட்டு. நானும் எதிர் வரிசையில சொல்றேன்."

அவர் எதிர் வரிசையில் நாலு கதவு தட்டினார். இரண்டு திறக்கவில்லை, இரண்டு திறந்து உடனே சாத்திக்கொண்டன. திரும்பி வந்தபோது மனைவி வாசலில் பைகளோடு நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"போதை தெளியட்டும், அப்புறம் பேசிக்கலாம்னாங்க."